இரண்டாம் வேற்றுமை

அந்த வாந்திப் பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, எனக்குத் தேவைப்படாது. எனக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதது அநியாயம் ஒன்றுதான். வேளாங்கண்ணிக்கா போகிறீர்கள்? நல்லது. நாகப்பட்டினத்தில் இறங்கியதும் பஸ் இருக்கிறது, நானே ஏற்றிவிடுகிறேன். அதற்கு இன்னும் நேரம் கிடக்கிறது. காங்கேசன்துறையே இன்னும் கண்ணை விட்டு மறையவில்லை.

நான் இளவெயினி. சென்னையில் எம்.ஏ. தமிழ், இரண்டாம் ஆண்டு. பெயர் அப்பா வைத்தது, அவரும் தமிழாசிரியர்தான். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வாயில் நுழையவில்லை, வெயில் ரீச்சர் ஆக்கிவிட்டார்கள். டீச்சர் என்றுகூட வராது, ரீச்சர். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை. மூன்று மாதத் திட்டம். இரண்டு மாதம் ஆவதற்குள்ளேயே பள்ளிக்கூட அதிபர் எனக்குப் பிரியாவிடை வைத்தார். கேக் வெட்டினார்கள். அதிபர் எழுந்து, "ரீச்சரின்ட சேவை போதும்" என்றார். போதும் என்றால் நிறைவு என்று பொருள். நிறைவாகச் செய்துவிட்ட ஒருத்தி ஊருக்குக் கிளம்புவதில் என்ன இருக்கிறது? ஆனால் அந்த சிவமலர் ரீச்சர் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், அதற்காகத்தான் உங்களிடம் இதையெல்லாம் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நான் கல்லூரிக் காலத்திலிருந்து பட்டிமன்றம் பேசுகிறவள், நடுவர் இல்லாமல் எனக்குப் பழக்கமில்லை.

ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆள் எடுத்தது. வெளிநாட்டில் தன்னார்வப் பணி, சின்னப் பள்ளிக்கூடக் குழந்தைகளோடு. வெளிநாடு என்றதும் கென்யா, பெரு என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டேன். யாழ்ப்பாணம் என்று வந்தது. விடுதியில் ஒரே கிண்டல். என் அறைத்தோழி பர்வீன், "ஏண்டி, தமிழ் பேசுற ஊருக்குப் போய்த் தமிழ் சொல்லித் தரப் போறியா? ராமேஸ்வரத்துக்காரனுக்குக் கடலைக் காட்டுற மாதிரி இருக்குடி" என்றாள். நான் சொன்னேன்: "மொழி தெரியாத ஊர்ல யார் வேணாலும் சேவை செய்யலாம். அங்க போனா சண்டை போட முடியாதே." ஏதோ வேகத்தில் சொன்னது. அவள் அதை விடுதி முழுவதும் பரப்பிவிட்டாள்.

பள்ளிக்கூடம் பருத்தித்துறைப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே என் சித்தப்பா இருக்கிறார் என்பீர்கள், பிறகு நான் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டி வரும்.

எனக்கு இரண்டாம் வகுப்பு. வகுப்பாசிரியை சிவமலர் ரீச்சர். நெற்றியில் திருநீறு, கையில் எப்போதும் ஒரு அடிமட்டம், எங்கள் ஊர் ஸ்கேல்தான். முதல் நாளே சொன்னார்: "நீங்கள் பிள்ளையளோட கதையுங்கோ, விளையாடுங்கோ. படிப்பிக்கிறதை நான் பாக்கிறன்." கதை சொல்லச் சொல்கிறார் என்று நான் கதை சொன்னேன். ஒரு வாரம் முழுவதும் மூச்சு விடாமல் கதை. தொண்டை கட்டிப்போன பிறகுதான் தெரிந்தது, உங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. சரி, கற்றுக்கொண்டேன். எனக்குத் திறந்த மனம். ஆனால் நான் கேட்கிறேன், கதை என்றால் பேசு என்று ஆகிவிட்டால், பேசு என்கிற சொல் வேலையில்லாமல் எங்கே போயிற்று என்று நான் தேடிக்கொண்டு அலைய வேண்டுமா? அதை அவர்கள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

வகுப்பில் எப்போதும் இரைச்சல். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பேசாதீங்க!" என்று கத்தினேன். எல்லாரும் அடங்கி என்னைப் பார்த்தார்கள். முன்வரிசையில் சாருஜா என்று ஒரு பெண். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை, நாற்காலியில் உட்காரவே மாட்டாள், ஏறித்தான் நிற்பாள். அவள் நின்றபடியே, "நாங்கள் ஒருத்தரையும் பேசேல்ல, ரீச்சர்" என்றாள். சுவர் அதிர்கிறது, பேசவில்லையாம். இந்த வயதில் கண்ணெதிரே இப்படி ஒரு பொய்.

ஏன் அக்கா சிரிக்கிறீர்கள்? சிரிக்கும் இடம் இன்னும் வரவில்லை. இதில் சிரிக்கும் இடமே இல்லை.

அடுத்த வாரம் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, 'என் வீடு' என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். ஆடு, கிணறு, நாய்க்குட்டி என்று போய்க்கொண்டிருந்தது. பிரணவன் என்று ஒரு பையன், "எங்கட வீட்டில எல்லாரும் என்னைப் பேசுவினம்" என்று அழுவதுபோலச் சொன்னான். கொடுத்துவைத்த பிள்ளை, இதற்கு ஏன் மூக்கை உறிஞ்சுகிறான் என்று நினைத்தேன். அடுத்து சாருஜா. எழுந்து நின்று, பல் இல்லாத வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள்:

"எங்கட வீட்டில என்னை ஒருத்தரும் பேசமாட்டினம்."

அக்கா, அந்தச் சிரிப்பு. துன்பத்தை மறைக்கப் பிள்ளைகள் இப்படித்தான் சிரிக்கும், நான் விருப்பப் பாடமாக உளவியல் எடுத்தவள். பக்கத்தில் இருந்த பிரணவன், "அவளுக்கு நல்லம்" என்றான். வீட்டில் யாருமே பேசாத ஒரு பிள்ளையைப் பார்த்து, நல்லம்! இந்த ஊரில் ஈரமே இல்லையா என்று நினைத்தேன்.

ஆனாலும் நான் கடமையை விடவில்லை. வாக்கியத்தில் பிழை இருந்தது. 'என்னைப் பேச' என்று வராது. ஐ என்பது இரண்டாம் வேற்றுமை உருபு. நீ என்னை அடி, என்னைப் பார், சரி. என்னைப் பேசு என்றால் நான் என்ன பாட்டா, கவிதையா? என்னிடம் பேசு, என்னோடு பேசு. அவளைக் கையைக் கட்டி நிற்கவைத்து, திருத்திச் சொல்லிக்கொடுத்தேன். "எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் பேச மாட்டார்கள்." திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தேன். கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ல, ள எல்லாம் துல்லியம். எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். நான் அவசரப்படவில்லை. விசாரித்தேன். அன்று இடைவேளையிலேயே சிவமலர் ரீச்சரிடம், அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று அவர்கள் மாதிரியே கேட்டேன்: "சாருஜாவை வீட்டில பேசமாட்டினமாமே?"

"ஓம்," என்றார், வடையைக் கடித்துக்கொண்டே. "அந்த மனிசன் பேசாது. ஊரறிஞ்ச விசயம். அதுதான் இவள் இந்தக் குழப்படி."

குழப்படி என்றால் சேட்டை, அது எனக்கு அப்போதே தெரியும். ஊருக்கே தெரியும்! ஒரு பிள்ளையிடம் பேச ஆளில்லை, ஊரே தெரிந்துகொண்டு வடை தின்கிறது.

"நீங்க ஒண்ணும் செய்யலையா?"

"நான் என்னத்தைச் செய்யிறது? வீட்டில பேசாட்டி நாங்கள்தானே பள்ளிக்கூடத்தில சேர்த்துப் பேசவேணும்," என்றார். அந்த ஒரு பதிலுக்காக அவர்மேல் எனக்கு அப்போது மரியாதைகூட வந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், அது வேறு.

விவரம் இதுதான். சாருஜாவின் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். பிள்ளை அம்மாவின் அண்ணனிடம் வளர்கிறது. தவச்செல்வம் என்று பெயர், ஆட்டோ ஓட்டுகிறவர், கல்யாணம் ஆகாதவர். நான் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சிறுவர்களுக்குப் பொறுப்பான வினோதினி மிஸ்ஸைப் பார்த்து, நல்ல தமிழில், "அந்த வீட்டில் சிறுமியிடம் யாரும் பேசுவதே இல்லை" என்று முறையிட்டேன். அவர் முகமே வாடிப்போயிற்று. கட்டாயம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு, அரசாங்கம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்று, அன்று மாலையே நேராக அந்த வீட்டுக்குப் போனேன்.

போனபோது முற்றத்தில் இருவரும் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னவோ கேட்கிறாள், அவர் என்னவோ சொல்கிறார், அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். நான் வருவது எப்படியோ தெரிந்து நடித்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் ஏமாறுகிறவள் நான் இல்லை.

"உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன். பாருங்கள், கதைக்க. அவர்கள் மொழிக்கு நான் எவ்வளவு மரியாதை கொடுத்தேன்.

"வாங்கோ ரீச்சர், இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

விஷயத்தின் தீவிரம் கருதி மறுத்தேன். இரண்டாவது தடவை கேட்டபோது குடித்தேன்.

"நீங்கள் பிள்ளையைப் பேசுறதே இல்லையாமே?" பெரியவர்களை இலக்கணம் திருத்தினால் மனம் புண்படும் என்று, அவர்களுடைய பிழையோடேயே கேட்டேன்.

மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "இல்லை ரீச்சர், நான் பேசமாட்டன்."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லை. தாய் பக்கத்தில இல்லை, தேப்பன் எங்கையெண்டும் தெரியாது. சின்னப்பிள்ளை. அதைப்போய் என்னெண்டு பேசுறது?"

"தாய் பக்கத்துல இல்லாததாலதான் கூடப் பேசணும்! உங்களை உங்க அம்மா அப்பா பேசி வளக்கலையா?"

முகம் மாறிவிட்டது. "பேசித்தான் வளர்த்தவை. விடிஞ்சாப் பேச்சு, பொழுதுபட்டாப் பேச்சு. அந்த நினைப்பிலதான் நான் இவளை ஒரு சொல்லுப் பேசுறேல்ல எண்டு இருக்கிறன்."

பெற்றோர் பேசிப் பேசி வளர்த்தார்கள் என்பதற்காக ஒரு சின்னப் பெண்ணைப் பழிவாங்கும் மனிதரை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். ஆனாலும் கோபப்படவில்லை. விளக்கினேன். பேச்சு இல்லாமல் வளர்கிற பிள்ளைக்கு மூளை வளராது, ஆராய்ச்சியெல்லாம் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் பேசியாக வேண்டும், சாப்பிடும்போது ஒருக்கா, படுக்கப் போகமுதல் ஒருக்கா.

"படுக்கப் போகமுதலுமோ?"

"அதுதான் முக்கியம். மனசுல ஆழமாத் தங்கும்."

அவர் முற்றத்தில் நின்ற சாருஜாவைப் பார்த்தார். "குழப்படி ஒண்டும் செய்யாட்டிலுமோ ரீச்சர்?"

"செஞ்சாலும் பேசணும், செய்யாட்டாலும் பேசணும்."

"பாவமெல்லோ."

"பேசாம இருக்கிறதுதான் பாவம்!"

என் வெற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டார். "இந்தியாவில இப்பிடித்தானோ வளர்க்கிறவை?"

"உலகம் முழுக்க இப்படித்தான்."

"நான் பெரிசாப் படிக்கேல்ல ரீச்சர். நீங்கள் படிச்ச ஆக்கள். சொன்னாச் செய்யிறன்," என்றார்.

திரும்பி வரும்போது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? ஒரு மனிதரை ஒரே ஒரு தேநீர் நேரத்தில் மாற்றியிருக்கிறேன். பர்வீனுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன்.

அக்கா, அந்தப் பையை எடுங்கள். வாந்தியா, சிரிப்பா? சிரிப்பென்றால் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள், முன் சீட்டில் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு சாருஜா மாறிப்போனாள். நாற்காலியில் ஏறவில்லை. கூப்பிட்டால் மட்டும் எழுந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மாமா இப்ப பேசுறாரா?"

"ஓம் ரீச்சர்."

"ஒவ்வொரு நாளும்?"

"ஓம்."

"படுக்கப் போகமுதலும்?"

கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. இத்தனை நாள் அடக்கிவைத்த ஏக்கம் உடைந்து வெளியே வருகிறது, இதுவும் உளவியலில் இருக்கிறது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். "அழாதே, இன்னும் நல்லாப் பேசுவார் பாரு" என்று தைரியம் சொன்னேன். அவள் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

வினோதினி மிஸ் வந்தது அதற்கடுத்த வாரம். அதிபரின் அறை. நான், மிஸ், சிவமலர் ரீச்சர், நடுவில் சாருஜா. மிஸ் நல்ல மாதிரி. குனிந்து, கன்னத்தைத் தொட்டு, "பிள்ளைக்கு வீட்டில எப்பிடி? மாமா எப்பிடி?" என்று கேட்டார்.

சாருஜா என்னைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் பேச மாட்டார்கள்."

ஒரு பிழை இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மிஸ்ஸின் முகம் வாடியது. "ஒருத்தருமே?" என்றார். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அதனால் அவள் பழையபடி தன் பிழையான தமிழுக்குப் போய்விட்டாள். "இப்ப மாமா ஒவ்வொரு நாளும் என்னைப் பேசுறார். படுக்கேக்கையும் பேசுறார்." சொல்லிவிட்டு அழுதாள்.

பேசத் தொடங்கிவிட்டார் என்று மிஸ் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் கல்லாகிவிட்டது. "முதல் கதைக்கிறதே இல்லை. இப்ப ஒவ்வொரு நாளும் பேச்சு," என்றார் தனக்குள். பிறகு அதிபரைப் பார்த்து, "தாய் வெளிநாட்டில. ஆம்பிளை தனிய. விசாரணை முடியுமட்டும் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில விடுவம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பேசச் சொல்லி அவருக்கு ஒரு கண்டிப்பு கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் இல்லம் என்பது நல்ல தமிழ்ச் சொல். வீடு என்றுதானே பொருள்? அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். "அங்க யார் இருப்பாங்க?" என்று கேட்டேன். "வேற பிள்ளையள் இருப்பினம்," என்றார் மிஸ். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தவச்செல்வத்துக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தார். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அதே சட்டை, வியர்வை. சாருஜா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த இடத்தில் எனக்கு லேசாக ஒரு கேள்வி வந்தது. ஆனால் மிஸ் கேட்கத் தொடங்கிவிட்டார்.

"ஏன் தம்பி பிள்ளையை ஒவ்வொரு நாளும் பேசுறீங்கள்?"

"ரீச்சர்தான் சொன்னவ," என்றார் அவர். குறை சொல்கிற மாதிரி இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "சாப்பாட்டில ஒருக்கா, படுக்கப் போகமுதல் ஒருக்கா. குழப்படி செய்யாட்டிலும் பேசவேணும், அப்பதான் மூளை வளருமெண்டு. எனக்கு ஏலாமப் போச்சு, மிஸ். முதல் நாள் செருப்பை மாறிப் போட்டதுக்குப் பேசினன். அடுத்த நாள் பல்லு விழுந்ததுக்குப் பேசினன். பிறகு பேசுறதுக்கு ஒண்டும் கிடைக்கேல்ல. மழை பெய்ததுக்குப் பேசினன். ஏனடி மழை பெய்யுது எண்டு."

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிவமலர் ரீச்சர் அடிமட்டத்தால் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார். "ஐயோ பிள்ளை, இஞ்ச பேசுறதெண்டா ஏசுறது! திட்டுறது! உங்கட பேசுறதைத்தான் நாங்கள் கதைக்கிறதெண்டு சொல்லுறது!"

சரி. ஒரு வாதத்துக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். நான் அதை மறுக்கவில்லை, வாதத்துக்கு வைத்துக்கொண்டேன். ஆனால் சொன்னேன்: "பேசு என்பதன் முதற்பொருள் உரையாடுவது. எட்டுக் கோடிப் பேர் அப்படித்தான் பயன்படுத்துகிறோம்."

"உங்கட ஊரில 'அப்பாட்டப் பேச்சு வாங்கினன்' எண்டு சொல்லமாட்டீங்களோ?" என்றார் சிவமலர் ரீச்சர்.

"அது பெயர்ச்சொல். நான் சொல்றது வினைச்சொல்."

இதற்கு அவரிடம் பதில் இல்லை. பார்த்தீர்களா? பதிலே இல்லை. அதிபர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் சொன்னார்: "தங்கச்சி, முறைப்பாடு உங்கட. 'நான் பிழையா விளங்கிட்டன்' எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, இதை இதோட விடலாம். இல்லையெண்டா நான் என்ர கடமையைச் செய்யத்தான் வேணும்."

நான் கேட்டேன், ஒரு வட்டார வழக்கைப் பொதுவழக்காகக் கொள்ளாதது எப்படிப் பிழையாகும்? சூழல் தெளிவாக இல்லாதபோது பொதுப்பொருளைக் கொள்வதுதான் மரபு. சொன்னவர் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் அது சொன்னவர் பிழை. பிள்ளை வேற்றுமை உருபைச் சரியாகப் போட்டிருந்தால்...

"அவள் சரியாத்தான் போட்டவள்," என்றார் சிவமலர் ரீச்சர். "மாத்தினது நீங்கள்."

அந்த வாதத்துக்கு நான் பிறகு வருகிறேன் என்றேன்.

மிஸ்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. என்னை ஒன்றும் சொல்ல முடியவில்லை, வெளிநாட்டுக்காரி. தவச்செல்வத்தின் பக்கம் திரும்பினார். "ரீச்சர் சொன்னா, உமக்கு எங்க போச்சு மூளை? சின்னப்பிள்ளையை, தாயில்லாத நேரத்தில, படுக்கவிடாமல்..." நன்றாகக் கொடுத்தார். அந்த மனிதர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ரீச்சர்தான் சொன்னவ என்று இரண்டாம் தடவை சொல்லவேயில்லை.

அப்போது சாருஜா அவர் காலை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். முகமெல்லாம் சிவந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கத்தினாள் பாருங்கள்:

"என்ர மாமாவைப் பேசாதேங்கோ! அவர் ஒருத்தரையும் பேசாதவர்! மழையைத்தான் பேசினவர்!"

பிறகு ஒரே அழுகை. அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிடியைப் பிரிக்கக் கத்தி வேண்டும். அவர் தோளுக்கு மேலாக மிஸ்ஸிடம் கேட்டார்: "இல்லத்தில விட்டா, பின்னேரத்தில நான் வந்து பாக்கலாமோ மிஸ்? இவள் தனியப் படுக்கமாட்டாள்."

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேரமாகிக்கொண்டிருந்தது. மிஸ்ஸுக்கும் வேறு வேலைகள் இருக்கும். அதனால்தான், அதனால் மட்டும்தான், நான் எழுந்து சொன்னேன்: "பொருள் மயக்கம் ஏற்பட்டுவிட்டது."

"ஆருக்கு?" என்றார் மிஸ்.

"மொழிக்கு."

"மொழிக்கோ?"

சாருஜாவுக்கு விக்கல் வந்துவிட்டது. விக்கலோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு," என்றேன்.

மிஸ் கையெழுத்துப் போட்டுப் புறப்பட்டுவிட்டார். போகும்போது சிவமலர் ரீச்சரிடம், "அவவுக்கு விளங்கேல்ல, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவமாம். எனக்கு விளங்கவில்லையாம். இரண்டு எழுத்தில் 'எனக்கு' என்று சொன்னதற்கு இவ்வளவு விரிவாக ஒரு விளக்கவுரை.

சரி, மூன்று எழுத்து. நான்கு. விடுங்கள்.

அதற்குப் பிறகுதான் பிரியாவிடை, கேக், சேவை போதும் எல்லாம். நீங்கள் சொல்லுங்கள், என்மேல் என்ன குற்றம்? நான் அக்கறைப்பட்டேன். ஊரே வடை தின்றபோது நான் ஒருத்திதான் எழுந்து நின்றேன். அந்தப் பிள்ளை உண்மையிலேயே பேச ஆளில்லாத பிள்ளையாக இருந்திருந்தால், இன்றைக்கு எனக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். ஆள் மாறியிருக்கலாம், கொள்கை மாறவில்லையே?

ஆனால் என் கோபம் அதுகூட இல்லை அக்கா. இன்று காலைதான் உச்சம்.

துறைமுகத்துக்கு வர ஆட்டோ சொல்லியிருந்தேன். சிவமலர் ரீச்சர் யாரை அனுப்பினார் தெரியுமா? அந்த மனிதரைத்தான். பக்கத்தில் சாருஜா. பள்ளிக்கூடம் விடுமுறை, மாமாவோடு சவாரி. சரி, வழி முழுவதும் திட்டப்போகிறார் என்று நானும் தயாராகத்தான் ஏறினேன். அவர் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வது, அப்படிச் சொன்னால் அப்படி. விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் மறுப்பு வைத்திருந்தேன்.

ஒன்றும் இல்லை. அந்த இரண்டு பேரும் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஆட்டுக்கு ஏன் தாடி, கப்பலுக்கு ஏன் ஹாரன், குவைத்தில் இப்போது அம்மா எழும்பியிருப்பாவோ. இவள் கேட்க அவர் சொல்ல, அவர் கேட்க இவள் சொல்ல, மூச்சு விடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. கண்ணாடியில் அவள் என்னைப் பார்ப்பாள், நான் பார்த்தால் திரும்பிக்கொள்வாள். இறங்கியதும் அவர் பெட்டியை இறக்கி வைத்தார். சரி, இப்போது ஆரம்பிப்பார் என்று நிமிர்ந்து நின்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "ரீச்சர், சொன்ன நாளுக்கு முதல் வந்திட்டீங்கள் எண்டு வீட்டில உங்களைப் பேசுவினமோ?"

அப்பா பேசுவார். எந்த உருபைப் போட்டாலும் பேசுவார். ஆனால் அதை நான் ஏன் இவரிடம் சொல்ல வேண்டும்? பேசாமல் நின்றேன்.

"வீட்டு நம்பரைத் தாங்கோ," என்றார். "நான் கோல் எடுத்துச் சொல்லுறன், பிள்ளையில ஒரு பிழையும் இல்லை, நல்ல பிள்ளை, பேசாதேங்கோ எண்டு."

என்ன மனிதர் அக்கா இவர்? இதற்கு யாராவது மறுப்பு தயார் செய்ய முடியுமா? எதிரணி என்றால் எதிரணி மாதிரி நிற்க வேண்டாமா? முறைப்படி அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும், நான் பதில் சொல்லியிருக்க வேண்டும், விவகாரம் முடிந்திருக்கும். நான் அவரிடம் தோற்கவில்லை, அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நம்பர்தான் கொடுத்தேன்.